உருமிக்குப் பயந்த சாமி

இதைப் படிப்பவர்கள் முதலில் என் கையெழுத்தை மன்னிக்க வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கையொப்பமும், வேலைக்குப் போகாத நாட்களுக்கான விடுப்புக் கடிதமும்தான். ல, ள, ழ மூன்றும் இன்றுவரை எனக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. யார் யாரென்று சட்டெனத் தெரியாது. மகள் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

நான் அதிகம் பேசுகிறவனும் இல்லை. சிம்பாங் பூலாயில் கல் அறுக்கும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக வேலை. அங்கே இயந்திரம் ஓடும்போது யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. எனக்கென்றே அமைந்த வேலை என்று மனைவி சொல்வாள்.

என்னை எழுத வைத்தவன் என் பேரன். நான்கு வயதாகிறது. ஈப்போவில் பாலர் பள்ளிக்குப் போகிறான். மற்றப் பிள்ளைகள் கைதட்டிப் பாடும்போது இவன் மேசைக்கு அடியில் போய்விடுகிறானாம். சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் சின்னத் துணியை வெட்டி எடுத்தால்தான் சட்டையைப் போடுவான். அவனுடைய ஆசிரியை இதையெல்லாம் கவனித்து, ஒரு தடவை ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று மகளிடம் சொன்னார். அங்கே ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். சத்தம், உடுப்பு, சாப்பாடு, தொடுவது எல்லாம் சில பிள்ளைகளுக்கு அளவுக்கு மீறிப் போய்ச் சேரும், சிலருக்குப் போதாமல் சேரும், அது அடம் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. பேரனுக்கும் அப்படி இருக்கலாம் என்றுதான் சொன்னார்கள். இன்னும் சில மாதம் பார்க்க வேண்டுமாம்.

மகள் சமையலறையில் உட்கார்ந்து அதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். நான்காவது வரியைச் சொல்லும்போதே ஐந்தாவது என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாற்பது வருடத்துக்கு முன்னால் ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் யாரோ மறைந்து நின்று என் தங்கையைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது, தங்கைக்கு ஐந்து. அப்பாவும் அம்மாவும் விடிவதற்குள் ரப்பர் மரம் சீவப் போய்விடுவார்கள். பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவது தோட்டத்து வழக்கம். வரிசையாகத் துணித் தொட்டில்கள் தொங்கும். நடுவில் ஓர் ஆயா இருப்பார். என் தங்கையை அந்த ஆயா மூன்றே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“மத்த புள்ளைங்க அழுதா இவ அலறுறா. இவ அலறுனா மத்ததுங்க அழுவுது. எனக்கு ரெண்டு காதுதானம்மா இருக்கு,” என்றார்.

அதனால் அம்மா அவளைத் தன்னுடனேயே ரப்பர்க் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மர நிழலில் ஒரு சாக்கை விரித்து உட்கார வைத்தால் மத்தியானம்வரை அவளால் எந்தத் தொந்தரவும் இல்லை. காய்ந்த ரப்பர் விதைகளைக் கையில் அள்ளுவாள், கொட்டுவாள், மறுபடி அள்ளுவாள். பிரச்சினை எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

தலை சீவுவதே ஒரு யுத்தம். பக்கத்து வீட்டு அக்கா பலகைச் சுவரைத் தட்டி, “ஏன் தங்கச்சி, புள்ளையப் போட்டு அடிக்கிற?” என்பார்.

“சீப்பத்தான்க்கா எடுத்தேன். இன்னும் தொடவே இல்ல,” என்று அம்மா இந்தப் பக்கமிருந்து சொல்வார்.

புதுச் சட்டை என்றால் கழற்றி எறிவாள். துவைத்துத் துவைத்துத் தாளாகிப் போன என் பழைய பள்ளிச் சட்டையைத்தான் போடுவாள், அதுவும் தையல் உடம்பில் படாதபடி உள்பக்கத்தை வெளியே திருப்பி. வாழைப்பழத்தைக் கண்டாலே குமட்டுவாள். மொறுமொறுவென்று இருந்தால்தான் சாப்பாடு: பிஸ்கட், பொரித்த நெத்திலி, காய்ந்த ரொட்டி. தகரக் கூரையில் மழை விழ ஆரம்பித்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள்.

இதற்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அப்பா செல்லம் என்றார். பக்கத்து வீட்டு அக்கா கண்ணேறு என்றார். எந்தக் காரணத்தில் ஆரம்பித்தாலும் ஊர்ப்பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: பெற்றவள் கண்டித்து வளர்க்கவில்லை. அம்மா அதற்குப் பதில் சொன்னதே இல்லை.

எனக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும். அது தற்செயலாகத் தெரிந்ததுதான். ஒரு மழை நாளில் விளையாட்டாக அவளைக் கழுத்துவரை பாயில் சுருட்டினேன். அழுகை பாதியாகக் குறைந்தது. அந்தச் சுருட்டின்மேல் நான் குறுக்கே படுத்தேன். அழுகை நின்றேவிட்டது.

“இன்னும் கனமா,” என்றாள்.

நான் இன்னும் அழுத்தினேன். பெருமூச்சு விட்டுவிட்டு, கூரையைப் பார்த்துச் சிரித்தாள். அன்றிலிருந்து மழை வந்தாலும் தலை சீவி முடித்தாலும் தானே பாயை இழுத்துக்கொண்டு என்னிடம் வருவாள். இதைக் கேட்டதும் என் மகள் பதறினாள். “அப்படியெல்லாம் மேல படுக்கக் கூடாதுப்பா, மூச்சு முட்டும்,” என்றாள். உண்மைதான். அன்றைக்கு எங்களுக்கு யார் சொன்னார்கள்.

அந்த வருடத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு என் தாய்மாமாவின் மேளக்குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். மாமா ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன்பிடிப் படகில் வேலை செய்தார். திருவிழாக் காலம் வந்தால் உருமியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. எங்கள் வீட்டுக்கு வரும்போது ஒரு கை நிறையக் கருவாடும் மறு கை நிறைய மிட்டாயும் இருக்கும். தங்கையை மகாராணி என்றுதான் கூப்பிடுவார். உருமியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: அதன் ஒரு பக்கத் தோலை அடிப்பார்கள்; மறுபக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். மாடு நெஞ்சுக்குள் முனகுவது போல ஒரு சத்தம் வரும். மாமா தேய்த்தால் அது நம் நெஞ்சுக்குள்ளும் முனகும்.

திருவிழா மூன்று நாள். முதல் நாள் மத்தியானம் ஆற்றங்கரையிலிருந்து கரகம் வரும். அம்மா அன்று காலை தங்கையைப் பிடித்துவைத்து இரட்டைப் பின்னல் போட்டு, பூ வைத்து, சீத்தியவானில் வாங்கிய சரிகைப் பாவாடையைக் கட்டிவிட்டார். அவள் அப்போதே ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள். பாவாடை நாடாவுக்கு அடியில் இரண்டு விரலை விட்டு இழுத்துப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

கோயில் வாசலில் நிற்க இடமில்லை. வெயில், சாம்பிராணி, நாலு பக்கமும் ஆட்கள். கரகம் வந்து சேர்ந்ததும் மாமா, தங்கச்சி மகள் நிற்கிறாளே என்ற ஆசையில் நேரே எங்கள் எதிரில் வந்து நின்று உருமியைத் தேய்த்தார்.

தங்கை காதைப் பொத்தினாள். பிறகு பின்னலைப் பிடித்து இழுத்தாள். பூவைப் பிய்த்து எறிந்தாள். உடம்பெல்லாம் நடுங்க ஆரம்பித்து, பாவாடையைக் கிழித்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி அலறினாள். எனக்கு இது பழகிய காட்சி. மழைக்கும் சீப்புக்கும் நான் பார்த்ததுதான், கொஞ்சம் பெரிய அளவில். ஆனால் பூசாரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

“ஆத்தா சின்னப் புள்ள மேல வந்திருக்கா. எல்லாம் தள்ளி நில்லுங்க.”

சாமி வந்தவர் முன்னால் மேளத்தை நிறுத்தக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பாதியில் நிறுத்தினால் அருள் உடம்புக்குள்ளேயே சிக்கிக்கொண்டு ஆளை வதைக்கும் என்பார்கள். சாமி தானாக இறங்கும்வரை அடித்தாக வேண்டும். அதனால் அவள் எவ்வளவு அலறினாளோ அவ்வளவு பக்கத்தில் மேளம் வந்தது. மேளம் எவ்வளவு பக்கத்தில் வந்ததோ அவ்வளவு அலறினாள். மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். வேப்பிலையால் முகத்தைத் தடவினார்கள். கங்காணி வீட்டம்மா காலில் விழுந்து, சிங்கப்பூருக்குப் போன மகன் எப்போது திரும்புவான் என்று குறி கேட்டார். தங்கை அவர் தலையில் வாந்தி எடுத்தாள். அது நல்ல சகுனம் என்று பூசாரி சொன்னார்.

கடைசியில் அவள் துணி மாதிரித் துவண்டு விழுந்தாள். சாமி இறங்கிவிட்டது என்று மேளத்தை நிறுத்தினார்கள்.

நான் அங்கேதான் நின்றேன். அவளுக்கு என்னவென்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. கூச்சம் ஒரு காரணம். இன்னொரு காரணம், முந்தின நாள்வரை அடங்காப்பிடாரி என்று சொன்னவர்கள் எல்லாம் வரிசையில் நின்று அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். தண்ணீர்ப் பந்தலில் எனக்கு இரண்டு குவளை ரோஸ் சிரப் தண்ணீர் கிடைத்தது. அதுவரை பந்து பொறுக்க மட்டும் என்னைச் சேர்த்துக்கொண்ட பையன்கள், சாமியுடைய அண்ணன் என்று சொல்லி முன்னால் ஆடவிட்டார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் அம்மா. அன்று மாலை பக்கத்து வீட்டு அக்கா வந்து, “தெரியாம என்னென்னமோ பேசிட்டேன் தங்கச்சி, மனசுல வச்சிக்காத,” என்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என் புள்ளைக்கு என்னான்னு இப்பதான்க்கா எனக்கே தெரிஞ்சிச்சு,” என்றார்.

மாமாவுக்கோ தலைகால் புரியவில்லை. “எத்தன தோட்டத்துல வாசிச்சிருக்கேன். அஞ்சு வயசுப் புள்ளைக்கு அருள் வந்தத எங்கயும் பார்த்ததில்லலா. எல்லாம் கை ராசி,” என்று அப்பாவிடம் உருமியைத் தட்டித் தட்டிச் சொன்னார். அப்பா அந்த உருமியை ஒரு தடவை தொட்டுக் கும்பிட்டுக்கொண்டார்.

இரண்டாம் நாளும் அதேதான் நடந்தது, இன்னும் கொஞ்சம் நீளமாக. மூன்றாம் நாள் தேர் தோட்டத்து வீட்டு வரிசைகளான லயங்கள் எல்லாவற்றையும் சுற்றிவரும். சின்ன ஆத்தா தேருக்கு முன்னால் உருமியோடு நடந்து வர வேண்டும் என்று கோயில் கமிட்டியில் முடிவு செய்தார்கள். காலையில் கிளம்பினால் தேர் திரும்பச் சாயங்காலமாகும்.

அந்த இரண்டாம் நாள் மாலை தங்கை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நானே பாயை எடுத்துக்கொண்டு போனேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். பிஸ்கட் கொடுத்தேன். கையில் வாங்கினாள், வாயில் வைக்கவில்லை.

“அண்ணே, நாளைக்கும் மாமா தேய்ப்பாரா?”

“தேய்ப்பாரு.”

அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சீப்பைப் பார்த்தே அழுகிறவள், இதைக் கேட்டு அழாமல் பிஸ்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று குழாயடிக்குப் போனேன். அம்மா மறுநாளைக்காக, கிழிந்த இடத்தைத் தைத்துவைத்த அந்தச் சரிகைப் பாவாடையை அலசிக்கொண்டே மெதுவாக ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டிருந்தார். அம்மா பாடி நான் கேட்டதே இல்லை. வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன், குழாயில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை பெரியவர்கள் எல்லோரும் தேர் அலங்காரத்தில் இருந்த நேரம் பார்த்து, தங்கையை முதுகில் ஏற்றிக்கொண்டு ஆயாக்கொட்டகைக்குப் போனேன். திருவிழா என்பதால் பூட்டாமல் சாத்தி வைத்திருந்தார்கள், உள்ளே யாரும் இல்லை. ஜன்னல்களை மூடினேன். அங்கே கிடந்த பாயில் மூன்றை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு, முகம் மட்டும் வெளியே தெரிய அவளைச் சுருட்டினேன். மேலே படுத்துக்கொண்டேன். இந்தத் தடவை அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராக வந்தது.

வெளியே சாமியைக் காணோம் என்று தோட்டமே தேடிக்கொண்டிருந்தது. எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. தேர் நகர முடியாமல் நின்றது. கதவைத் திறந்தது மாமா. தோளில் உருமி. வெளிச்சத்துக்கு எதிரில் நின்றதால் வாசல் முழுக்க அவர்தான் இருந்தார்.

“என்னாடா பண்ற? சாமியப் போட்டு நசுக்குறியா?”

என் வாழ்க்கையில் ஒரு பெரியவரைப் பார்த்து நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. “அவளுக்குச் சாமி வரல மாமா. உருமி அவளுக்கு வலிக்குது. மழ பேஞ்சாலும் இப்படித்தான் அழுவா. மழைக்குமா சாமி வரும்?”

மாமா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பொய் சொல்கிறேனா என்று பார்க்க நினைத்தாரோ என்னவோ, குச்சியை உருமியின்மேல் வைத்து, பூனை நடப்பது போல ஒரே ஒரு தடவை தேய்த்தார். கண்ணை மூடியிருந்த தங்கையின் முகம், புண்ணில் எலுமிச்சைச் சாறு விழுந்தது போலச் சுருங்கியது. பாய்ச் சுருட்டு முழுவதும் எனக்கு அடியில் விறைத்தது.

மாமா குச்சியை எடுத்துவிட்டார். உருமியைத் தோளிலிருந்து கழற்றி வெளியே கொண்டுபோய்ப் புல்லில் வைத்துவிட்டு, தன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். அந்தக் கைராசிக் கையை. எங்கள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“ரெண்டு நாளா வலிச்சிச்சா மகாராணி?”

“ம்.”

“மாமாகிட்ட சொல்லலாம்ல?”

“சொன்னேன். நீங்க இன்னும் கிட்ட வந்தீங்க.”

 மாமா என் முதுகைத் தட்டி, “எறங்கு. நீ எலும்பு, உன் கனம் போதாது,” என்று சொல்லி, படகுக் கயிறு இழுத்துத் தடித்துப் போன தன் கையைப் பாயின்மேல் மெதுவாக வைத்து அழுத்தினார்.

“இன்னும் கனமா,” என்றாள் தங்கை. மாமாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கைத் துண்டில் சிந்தினார்.

பிறகு அவர் தங்கையைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டில் அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கோயில் வாசலுக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அத்தனை பேர் முன்னால் மாமா கையைக் கூப்பி, “ஆத்தா மலையேறிட்டா. உருமிய வச்சிட்டு வான்னு எனக்கே உத்தரவு ஆச்சு. இனிமே அந்தப் புள்ள மேல வர மாட்டா, கச்சாவ் பண்ணாம, தொந்தரவு குடுக்காம உட்டுருங்க,” என்றார். உருமிக்காரரே சொன்ன பிறகு பூசாரியால் மறுத்துப் பேச முடியவில்லை. கங்காணி வீட்டம்மாவுக்குத்தான் வருத்தம். மகனைப் பற்றிய பதில் பாக்கியிருந்தது. தேர் நகர்ந்தது. அன்று முழுக்க மாமா உருமியைத் தொடவில்லை, தேருக்குப் பின்னால் வெறும் ஜால்ரா தட்டிக்கொண்டு போனார். அவ்வளவு பெரிய மனிதர் கையில் அவ்வளவு சின்ன ஜால்ராவைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடினேன். அம்மா தங்கைக்கு என் பழைய சட்டையை, கேட்காமலேயே உள்பக்கம் திருப்பிப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார்.

“அவளுக்கு ஒன்னும் இல்லம்மா. சாமியெல்லாம் இல்ல,” என்றேன், நல்ல செய்தி சொல்கிறவன் போல.

“தெரியும்டா. மாமா சொன்னாரு,” என்றார். அப்புறம், “ரெண்டு நாளாச்சும் எம்புள்ளைய எல்லாரும் நல்ல புள்ளன்னாங்க,” என்று சொல்லிவிட்டுப் பொத்தானைப் போட்டு முடித்தார்.

அடுத்த வருடத் திருவிழாவுக்கு வேறு ஊர் மேளம் வந்தது. உருமி வரும் என்று தெரிந்ததும் தங்கையைக் கொட்டகைக்குத் தூக்கிப் போக நான் தயாராக நின்றேன். தேவைப்படவில்லை. புதுப் பாவாடை கட்டிக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்தபடி, மேளத்துக்கு எதிரிலேயே அவள் அசையாமல் நின்றாள். பக்கத்து வீட்டு அக்கா, புள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்றார். சரியாகிவிட்டது என்று நானும் சந்தோஷப்பட்டேன். நாற்பது வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தங்கை இப்போது ஆயர் தாவாரில் இருக்கிறாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். பேரனைப் பற்றிச் சொல்லலாம் என்று போன வாரம் போன் செய்தேன். “நீ கவலப்படாத, உனக்கு இருந்தது அடுத்த வருசமே சரியாயிடுச்சு, இவனுக்கும் ஆயிடும்,” என்றேன்.



“எனக்கு எங்கண்ணே சரியாச்சு. இப்பவும் உருமி வந்தா கோயிலுக்குப் பின்னாடி போயி நின்னுக்குவேன். எம்புள்ளைங்களுக்கே தெரியாது.”

“அப்ப அன்னிக்கு எப்படி நின்ன?”

“அம்மா என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்கல்ல,” என்றாள்.

 பேரன் இப்போது என்ன சாப்பிடுகிறான் என்று விசாரித்துவிட்டுப் போனை வைத்தாள். நான் அந்த இரண்டாம் வருடத் திருவிழாவைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். மேளம் நகர்ந்து போன பிறகு அம்மா தங்கையின் பிடியிலிருந்து தன் கையை மெதுவாக விடுவித்தார். அம்மாவின் விரல்கள் வெளுத்துப் போய், நகம் பதிந்த இடங்களில் சிவந்திருந்தன. அவற்றை மறு கையால் நீவிவிட்டுக்கொண்டு, மேளம் அடுத்த லயத்தில் மறுபடி ஆரம்பித்ததும், அதே கையை அவளிடம் திரும்ப நீட்டினார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பந்து விளையாடப் போனேன்.

18 ஆகஸ்டு 2024